உப்புத் தண்ணீரும் காலைச் செய்தியும்

பிப்ரவரி 11

அன்புத் தம்பி தும்மலாண்டிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். அங்கே நீ எப்படியோ, உன் மூக்கு சௌக்கியமாக இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். நேற்றுக் காலைச் செய்தியில் நீ படித்த 'மழை' என் காதில் 'பழை' என்று வந்து விழுந்தது. அமைச்சர் பாவம், 'அபைச்சர்' ஆகிவிட்டார். வானிலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தும்மலை விழுங்கினாய். எத்தனையோ பேர் வானொலி கேட்கிறார்கள், அந்த விழுங்கல் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். மாமா, "நல்லாத்தானே படிக்கிறான், உனக்கு எப்பவும் குத்தம் சொல்லணும்" என்கிறார். எஞ்சின் சத்தத்தைத் தவிர அவருக்கு எதுவும் பிடிபடாது.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம். நம் வீட்டுப் போனில் ஒரே கரகரப்பு, பாதிப் பேச்சு வந்து சேருவதே இல்லை. கடிதம் எழுது. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய தாள் எனக்குக் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. இதென்ன இவ்வளவு ஒல்லியாக, நீளமாக என்று சிரிக்காதே. நாட்காட்டி அடித்து மிச்சமான ஓரம்.

இப்போது சொல்வதைக் கேள். காலையில் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு காற்று வாங்காதே. பூந்தூள் அந்த நேரத்தில்தான் அதிகம் பறக்கும். வெளியே போய் வந்த சட்டையோடு படுக்கையில் உட்காராதே. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படு. இல்லாவிட்டால் முடியில் ஒட்டியதெல்லாம் தலையணைக்கு இறங்கி, அங்கிருந்து மூக்குக்குப் போகும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அரை ஸ்பூன் உப்பு போட்டு மூக்கை அலசு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிக்கொண்டு விடாதே. உன் அவசர புத்தி எனக்குத் தெரியும்.

இங்கே தெருவோர மரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன. வாசற்படி, மாமாவின் வண்டி சீட்டு, கொடியில் காயும் துணி என்று எங்கே கை வைத்தாலும் மஞ்சள். நீ இந்தப் பக்கம் தலை காட்டாதே. மரங்கள் ஓய்ந்ததும் நானே சொல்கிறேன், அப்போது வா.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை நீளமாக எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன், மூக்கு மட்டும் தனிக் குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டிவலி தேவலையா?

அந்த விழுங்கல் உனக்குக் கேட்டுவிட்டதா! ஒலிபரப்பு அறையில் என் இடது கைப் பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. இருமலோ தும்மலோ வந்தால் அதை அழுத்த வேண்டும், மைக் அடங்கிவிடும். மற்றவர்களுக்கு எப்போதாவது தேவைப்படும். நான் அதிலிருந்து விரலை எடுப்பதே இல்லை. அன்றைக்குத் தாளைப் புரட்ட அந்தக் கையை எடுத்தேன், கையும் களவுமாக உன்னிடம் மாட்டிக்கொண்டேன்.

உப்புத் தண்ணீர் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் மூக்கில் ஊற்றியது வாய் வழியாக வந்தது, நான் போட்ட சத்தத்தில் கீழே சலவைக் கடை வைத்திருக்கும் அம்மா மாடி ஏறி ஓடி வந்துவிட்டார். "என்னப்பா, யாராவது தண்ணியில முங்கிட்டாங்களா?" என்று கேட்டார். தலையைச் சாய்த்து வைத்து, வாயால் மூச்சுவிட வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது பழகிவிட்டது. அலசிய பிறகு கொஞ்ச நேரம் உலகத்தில் எல்லாவற்றுக்கும் வாசனை இருப்பது தெரிகிறது.

நீ வேண்டாம் என்றும் கேட்காமல் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். அவர் பேசியது ஒரு எழுத்து விடாமல் கேட்டது, கரகரப்பு எதுவும் இல்லை. நீ குளிக்கிறாய் என்றார். மறுபடி கூப்பிட்டேன், கடைக்குப் போயிருக்கிறாய். அதற்கப்புறம் கூப்பிட்டேன், மறுபடியும் குளிக்கிறாய். அக்கா, என்மேல் ஏதாவது கோபமா?

உன் குரலைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. கடிதத்தில் நீ திட்டுவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திட்டி முடித்து நீ சிரிக்கும் சிரிப்பு இதில் வரவில்லை. நீ தினமும் காலையில் என்னைக் கேட்கிறாய். உன்னைக் கேட்க எனக்கு எந்தப் பெட்டியும் கிடையாது. ஒரே ஒரு வாரம் வந்துவிட்டுப் போகட்டுமா? அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

முட்டிவலி இருக்கிற இடத்தில் இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா, இல்லை தும்மிக்கொண்டே பட்டினி கிடக்கிறாயா?

கோபமாவது ஒன்றாவது. உன்மேல் கோபித்துக்கொண்டு நான் யாரிடம் போவேன்? எனக்கு வேலை அதிகம், அவ்வளவுதான்.

வரட்டுமா என்று இன்னொரு தரம் கேட்காதே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இப்படித்தான் "ரெண்டு நாள்தானேக்கா" என்று பூக்காலத்தில் வந்து நின்றாய். அன்றைக்குச் சாயங்காலமே மூச்சு இழுத்துக்கொண்டது. மாமா உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்டில் உன் உதடு நீலமாகப் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் நீ எங்கேயோ மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பது, இங்கே வந்து மூச்சுத் திணறுவதைவிட மேல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். தலையணை உறையைத் துவைத்து எங்கே காயப் போடுகிறாய்? சட்டையை? துண்டை? நீ இதையெல்லாம் எழுதவே இல்லை. ஜன்னலை மூடுகிறேன், தலைக்கு ஊற்றுகிறேன் என்கிறாய், ஆனால் காலையில் எழுந்ததும்தான் அதிகம் தும்முகிறாய். செய்தி ஆரம்பத்தில் மூக்கு அடைத்திருக்கிறது, முடிவில் கொஞ்சம் இளகுகிறது. அப்படியென்றால் வினை படுக்கையில்தான் இருக்கிறது. துணி காயும் இடத்தைப் பார்.

அறையை விளக்குமாறு போட்டுப் பெருக்காதே, கீழே கிடப்பதெல்லாம் எழுந்து பறக்கும். ஈரத்துணியால் துடை. வெளியே போனால் கண்ணாடி போட்டுக்கொள். நடக்க ஆசையாக இருந்தால் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு நட.

மாமா உன்னை விசாரித்தார். போனைப் பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலத்தையும் விசாரித்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன்.

நீ அங்கிருந்தே என் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டாய். துணியெல்லாம் மாடிக் கொடியில்தான் காயப் போடுகிறேன். கொடிக்கு நேர் எதிரே வானொலி நிலையத்தின் கோபுரம், அதைச் சுற்றிக் காலி நிலம், நிலம் முழுக்க இடுப்பளவு புல். அந்தப் புல் இப்போது பூத்துக் கிடக்கிறது! துவைத்த உறையை அதற்கு எதிரே விரித்து, தூளையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, அதன்மேல் மூக்கைப் புதைத்துத் தூங்கியிருக்கிறேன். சலவைக் கடை அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உங்கக்காவை இங்க வேலைக்கு அனுப்புப்பா" என்றார். இப்போது அவர் கடைக்குள்ளேயே, இஸ்திரி போடும் மேஜைக்கு மேலே, என் துணிகளுக்கு ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறார். உறையைக் கொதிக்கிற தண்ணீரில் அலசுகிறேன்.

காலைத் தும்மல் பாதியாகக் குறைந்துவிட்டது. குரலும் பரவாயில்லை. வேலை எப்போதும் போல நடக்கிறது.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதுவதே இல்லை. நான் துணி காயும் இடத்தைச் சொல்லிவிட்டேன். நீயும் ஏதாவது சொல்லேன்.

உன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம்தானே? இந்தக் கடிதத்தை உங்கள் மெக்கானிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன், அக்கா கண்ணில் பட வேண்டாம்.

என்னை மைக் முன்னால் உட்கார விடுவதில்லை. தும்மலுக்கு ஒரு மாத்திரை போட்டேன், அது தூக்கத்தைக் கொண்டுவந்தது. ஒரே செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டேன். இரண்டாவது தடவை இன்னும் நிதானமாகப் படித்தேனாம். போதாக்குறைக்குத் தொண்டையும் கட்டிவிட்டது. நிலைய அதிகாரி நல்ல மனிதர், திட்டவில்லை. "சீசன் முடியட்டும், அதுவரைக்கும் நீ எழுதிக் கொடு, வேற ஆள் படிக்கட்டும்" என்றார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படிக்கிறார். மறுபடி கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறார், மாமா. அதுதான் பயம்.

இந்நேரம் அக்கா வானொலியைக் கேட்டு உங்களைத் துளைத்து எடுத்திருப்பாள். லீவில் இருக்கிறான் என்று ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். அவளுக்குத் தெரிந்தால் சாப்பிட மாட்டாள்.

உங்கள் மைத்துனன்

மார்ச் 26

அன்புத் தம்பி தும்மலாண்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம், இந்த வாரம் நான் ரொம்பவே நலம். ஏன் தெரியுமா? உன் குரல்! துணிக் கயிறு இடம் மாறியதும் என்ன ஒரு தெளிவு! வாரம் முழுக்க ஒரு தடங்கல் இல்லை. வியாழக்கிழமை படித்தது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. நான் சொன்னேனா இல்லையா, வினை படுக்கையில்தான் என்று! டாக்டர்கள் எல்லாம் என்னிடம் வந்து படிக்கலாம்.

நன்றாக இருக்கிறது என்று எதையும் விட்டுவிடாதே. ராத்திரி ஆவி பிடி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முகத்தைக் கொண்டுபோய் வைக்காதே, இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகு துண்டைப் போர்த்திக்கொள். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைச் சூடாகக் குடி. தேன் சாப்பிட்டால் பூந்தூள் உடம்புக்குப் பழகிவிடும் என்று அச்சகத்தில் ஒருத்தி சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்காக வேண்டுமானால் சாப்பிடு.

என்னைப் பற்றி எழுதச் சொன்னாய். தாள் மடிக்கும் இயந்திரத்திலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். இப்போது தனி அறையில் உட்கார்ந்து, தைத்து வந்த புத்தகங்களில் பக்கம் தலைகீழாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். பதவி உயர்வு என்றே வைத்துக்கொள். இருபது வருஷம் அந்த இயந்திரத்தின் தடதடப்புக்கு நடுவில் கத்திக் கத்திப் பேசிய எனக்கு, இந்த அறையில் யாரோடும் பேச வேண்டிய அவசியமே இல்லை. அமைதியாக இருக்கிறது. சில சமயம் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

அப்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன். நல்லபடியாக இரு.

உன் அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் கடிதம் வந்தது. வாரம் முழுக்க நான் தெளிவாகப் படித்தேனாம், வியாழக்கிழமை ரொம்ப நன்றாகப் படித்தேனாம். மாமா, நான் மைக்கைத் தொட்டே எத்தனையோ நாள் ஆகிறது. வியாழக்கிழமை படித்தது அந்தப் பெண். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அக்கா? ஒரு தும்மலை விழுங்கியதைக் கண்டுபிடித்தவள் அவள்.

அவளைச் சமாளியுங்கள் என்று நான்தான் எழுதினேன். நீங்கள் லீவு என்று சொன்னதாகத் தெரியவில்லை. நான் படித்ததாகவே சொல்லியிருக்கிறீர்கள், அவளும் நம்பியிருக்கிறாள். வானொலிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது எப்படி முடியும்?

போனில் அவள் ஏன் வருவதில்லை? இயந்திரத்திலிருந்து ஏன் மாற்றினார்கள்? பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அவள் காதுக்கு என்ன?

உங்கள் மைத்துனன்

ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நான் நலம். ஸ்பேனர் பிடிக்கிற கை, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது சரிதான். அவளுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இடது காது போயே போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். டாக்டர் இயந்திரச் சத்தம்தான் காரணம் என்கிறார். அச்சகத்தில் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால் மணி அடிப்பார்கள். ஒரு நாள் அடித்தது இவளுக்குக் கேட்கவில்லை, கை உள்ளே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்தார். அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனோம். காதுக்கு மெஷின் வைக்கலாமாம். அதில் சத்தம் வரும், பேச்சு பிரிந்து கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். அடுத்த மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி வரைக்கும் பெட்டியை வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டு உன்னைக் கேட்டாள். உன் மூக்கைப் பற்றி அவள் எழுதியதெல்லாம் அவளே கேட்டதுதான். மார்ச் ஆரம்பத்தில் ஒரு காலையில், "ஏங்க, இன்னைக்கு ஏன் செய்தி போடல?" என்று கேட்டாள். பெட்டி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கேட்டுச் சொல்கிறேன். "எப்படிப் படிச்சான்? மூக்கு எப்படி இருந்துச்சு?" இதுதான் காலையில் அவள் பேசுகிற முதல் பேச்சு.

பெண் குரல் வந்த அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெளிவா படிச்சான்" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொன்னால் நீ ஓடி வருவாய், வந்தால் உனக்கு மூச்சு முட்டும் என்று பயம். சத்தியத்தை மீறிவிட்டேன். இனி உன் பாடு, அவள் பாடு.

உடம்பு ஜாக்கிரதை.

மாமா

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் பஸ்ஸில் இருப்பேன், அதனால் வராதே என்று பதில் எழுதிப் பிரயோஜனமில்லை.

எல்லாம் தெரியும். மாமாவைத் திட்டாதே, நான்தான் வாயைக் கிளறினேன். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்தி படிக்கவில்லை, அக்கா. மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். நீ மெச்சிக்கொண்டாயே வியாழக்கிழமை, அன்றைக்குப் படித்தது ஒரு பெண். அந்தப் பெண்ணிடம் உன் பாராட்டைச் சொல்லிவிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

மரங்கள் ஓய்ந்ததும் வா என்கிறாய். மரங்கள் ஓய்ந்தால், நிலையத்தில் கூப்பிட்டால், நான் மைக் முன்னால் உட்கார வேண்டும். அப்போது லீவு கிடையாது. அதைக்கூட விடு. மரங்கள் அடுத்த வருஷமும் பூக்கும், ஓயும். உன் வலது காது அதுவரைக்கும் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லையே! நான் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்? எனக்கு அழுகையாக வருகிறது. ஊருக்கெல்லாம் கேட்கும்படி படித்தேன். உனக்குக் கேட்காமல் போன நாள் எது என்றுகூட எனக்குத் தெரியாது.

பயப்படாதே. இங்குள்ள டாக்டரிடம் கேட்டுவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார், காரணத்தைச் சொன்னதும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். எப்போது இழுக்க வேண்டும், எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் துண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன். வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு நேரே குளிக்கப் போகிறேன்.

குளித்துவிட்டு வந்து உன் வலது பக்கம் உட்கார்ந்து செய்தி முழுவதையும் உனக்குப் படிக்கப் போகிறேன். நீ இஷ்டம் போலக் குற்றம் சொல்லலாம்.

உன் தம்பி

மே 8

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்கு நீ போட்ட நாலு வரி வந்தது. மூச்சு எப்படி இருக்கிறது? இங்கே மாமா நலம். உனக்காக ஜன்னல் இடுக்கில் அடைத்த ஈரத்துணிகளை இன்னும் எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறார். கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார்.

நீ மாஸ்க்கும் கண்ணாடியும் துண்டுமாக வாசலில் நின்றபோது உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. உன்னைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது, அதற்கும் நீ விடவில்லை, "தொடாதக்கா, சட்டையெல்லாம் தூளு" என்பது போலக் கையைக் காட்டித் தள்ளி நின்றாய். நீ குளித்துவிட்டு வருவதற்குள் நான் பட்ட தவிப்பு!

ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் சாயங்காலம் என் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்துப் படித்தாய். நான் தலையைச் சாய்த்துக் கேட்டேன். எங்கேயோ தூரத்தில் லாரி போவது போல ஒரு முனகல் வந்தது. அது நீதான் என்பதை உன் உதடு அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சொல்கூடப் பிரியவில்லை, தம்பி. நீ முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். அவ்வளவு தூரம், அந்த மூக்கை வைத்துக்கொண்டு, எனக்காக வந்திருக்கிறாய். "இன்னும் அபைச்சர்தான்டா" என்றேன். நீ துள்ளிக் குதித்தாய். மாமாவிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னாய். அக்காவுக்குக் கேட்கிறது என்றுதான் சொல்லியிருப்பாய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாமா எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். இனிமேல் நமக்குள் அது வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இதற்காக வருத்தப்பட்டு உட்கார்ந்துவிடாதே, மீதியையும் படி. ஒரு நாள் உனக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்தது. ஆவி பிடிக்க வைத்தேன், துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்தாய். சின்ன வயதில் தடவுவது போல உன் முதுகில் கையை வைத்தேன். நீ துண்டுக்குள்ளிருந்து என்னவோ பேசினாய். உன் முதுகெலும்பில் குரல் ஓடியது. என் உள்ளங்கையில் வந்து இறங்கியது. நீ நிறுத்தினால் நின்றது, சிரித்தால் குலுங்கியது. என்ன பேசினாய் என்று தெரியாது. பேசுவது நீதான் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை உன்னை ஆவி பிடிக்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "நெஞ்சு சரியாயிடுச்சுக்கா, போதும்" என்பது போல நீ கையெடுத்துக் கும்பிட்டாய். நான் விடவில்லை. "பேசிக்கிட்டே பிடிடா, அப்பத்தான் சளி இளகும்" என்றேன். அப்படி ஒரு வைத்தியம் எங்கேயும் கிடையாது. அது உன் சளிக்காக இல்லை.

காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்க அடுத்த வாரம் போகிறோம். வருவது வரட்டும். மரங்களில் பூ தீர்ந்துவிட்டது. உங்கள் ஊர்ப் புல்லையும் வெட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். சீக்கிரம் உன்னைக் கூப்பிடுவார்கள், கூப்பிடத்தான் வேண்டும்.

நேற்றுக் காலையில் மாமாவை வானொலிப் பெட்டியைப் போடச் சொல்லி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தார். மெல்லிசாக, சீராக வந்தது, உன் முதுகில் ஓடியது போல இல்லை. மாமா பழைய பழக்கத்தில், "தெளிவா படிக்கிறான்" என்று வாயசைத்தார்.

"இது அவன் இல்லைங்க" என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீ எந்த நாளில் படிக்கப் போகிறாய் என்று எனக்கு எழுத வேண்டாம். மாமாவுக்கும் எழுதாதே. நான் தினமும் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா